மின்புலச் செறிவும் அலகு மாற்றமும்: ஒரு திறனாய்வு

மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் சுற்றளவை ஏறத்தாழ 19.5 மீற்றர் என்பர். அதனையே முழத்தாற் கூறின் 43. அடியாற் கூறின் 64. அளவுகோல் சிறுக்கச் சிறுக்க எண் பெருகிற்றேயன்றி மரம் பருத்ததில்லை. அலகு மாற்றம் அனைத்துக்கும் அடிப்படை இவ்வெளிய உண்மையே. ஆயினும், மின்புலச் செறிவு என்னுங் கணியத்தினிடத்து இது நேரே பொருந்துவதன்று. பொருந்தாமைக்குக் காரணம் கூறாது, பெருக்கற் காரணிகளை மட்டும் நிரைப்படுத்தித் தரும் அட்டவணைகள் உயர்தர வகுப்பு மாணவரிடையே பெரிதும் வழங்குகின்றன. அவற்றின் நன்மையும் குறையும் ஈண்டு ஆராயப்படும்.

அட்டவணையின் நன்மை மறுக்கற்பாலதன்று. தேர்வு மண்டபத்திற் காலம் குறுகியது; நினைவிலுள்ள காரணி கணக்கை விரைவில் முடிக்கத் துணைபுரியும். ஆனால், செய்யுளுக்குப் பதவுரை மட்டும் கூறிக் கருத்துரை கூறாது விடும் ஆசிரியனுக்கு நேரும் குறையே அட்டவணைக்கும் நேர்கின்றது.

முதற்குறை மாற்றத்தின் திசை பற்றியது. மரத்தின் அளவில், சிறிய அலகு பெரிய எண்ணைத் தந்தது. அவ்விதியை மனத்திற்கொண்ட மாணவன், மீற்றருக்கு 5000 வோல்ற்று என்பதனைச் சென்ரிமீற்றருக்கு 5,00,000 வோல்ற்று என எழுதிவிடுகின்றான். நீளம் ஈண்டு வகுக்கும் இடத்தில் நிற்றலை அவன் நோக்கினானல்லன். ஒரு மீற்றர் தூரத்தில் 5000 வோல்ற்று சீராக வீழுமாயின், அதன் நூறிலொரு பங்காகிய சென்ரிமீற்றரில் 50 வோல்ற்றே வீழும். மில்லிமீற்றரில் 5 வோல்ற்று. அட்டவணை நூறு என்னும் எண்ணைத் தரும். பெருக்குவதோ வகுப்பதோ என்பதற்கு நியாயம் தராது. விடை பதினாயிர மடங்கு பிழைப்பது இதனாலேயாம்.

இரண்டாங்குறை இதனினும் நுண்ணியது. கூலோமுக்கு ஒரு நியூற்றன் என்பதும் மீற்றருக்கு ஒரு வோல்ற்று என்பதும் சமம்; காரணி ஒன்று. இவ்வளவில் அட்டவணை அமைதியுறும். ஆயின், முன்னையது ஓரலகு ஏற்றத்தின்மீது தாக்கும் விசையைச் சொல்கின்றது. பின்னையது ஓரலகு நீளத்தில் அழுத்தம் வீழும் அளவைச் சொல்கின்றது. வோல்ற்று என்பது கூலோமுக்கு ஒரு யூல். யூல் என்பது நியூற்றன் மீற்றர். ஆதலின், மீற்றரால் வகுத்தவிடத்து எஞ்சுவது கூலோமுக்கு நியூற்றனே. இரு வேறு வழியாற் சென்றோர் ஓரிடத்திற் கூடுதல் போன்ற இவ்வழகிய முடிபு, ஒன்று என்னும் காரணியுள் மறைந்து போகின்றது.

மூன்றாங்குறை பழைய நூல்களைப் பயில்வார்க்கு நேர்வது. 1960ஆம் ஆண்டிற் சர்வதேச அலகுமுறை பெயர் பெறுவதற்கு முன் எழுந்த நூல்கள் பலவற்றில், சென்ரிமீற்றருக்கு நிலைமின் வோல்ற்று என்னும் அலகு வழங்கிற்று. அதனை 29,979ஆற் பெருக்குக என்பது அட்டவணையின் கட்டளை. இவ்வெண் எங்கிருந்து வந்தது? ஒளியின் வேகமாகிய செக்கனுக்கு 29,97,92,458 மீற்றர் என்பதன் இலக்கங்களே இதில் அமைந்துள்ளன. 1856ஆம் ஆண்டில் வேபரும் கோல்ரவுசும் நிலைமின் அலகுக்கும் மின்காந்த அலகுக்கும் உள்ள விகிதத்தை அளந்தனர். அது ஒளியின் வேகத்தோடு ஒத்தமை கண்ட மக்ஸ்வெல், ஒளியும் மின்காந்த அலையே எனத் துணிந்தார். ஒரு பெருங்கோட்பாட்டுக்குத் துணைநின்ற எண்ணை வெறும் மனப்பாடப் பொருளாக்குதல் கல்விக்கு இழப்பாகும்.

இக்குறைகள் வகுப்பறையளவில் நிற்பனவல்ல. மன்னார்த் தீவின் தென்கரையில், 30 காற்றுச் சுழலிகளும் 103.5 மெகாவாற்று வலுவும் உடைய தம்பபவனி 2020ஆம் ஆண்டு டிசெம்பரிற் திறந்துவைக்கப்பட்டது. அதன் மின் 220 கிலோவோல்ற்று வழியிற் பெருநிலம் செல்கின்றது. அத்தகைய கம்பியின்கீழ் நிற்போர்க்கு உறும் மின்புலம் யாது? 220 கிலோவோல்ற்று இரு கம்பிகளுக்கிடைப்பட்ட அழுத்தம்; ஒரு கம்பிக்கும் நிலத்துக்கும் இடையில் ஏறத்தாழ 127. கம்பி 12 மீற்றர் உயரத்தில் உளதெனக் கொள்ளின், வகுத்துப் பெறுவது மீற்றருக்கு 10.6 கிலோவோல்ற்று. இதனைச் சென்ரிமீற்றருக்கு 106 வோல்ற்று என மாற்றுதல் அட்டவணைப்படி பிழையற்றது. எனினும், அது நிலத்தில் நிற்பவர்க்குரிய அளவன்று, சராசரி மாத்திரமே. புலம் கம்பியருகிற் செறிந்து நிலத்தருகில் மிகக் குறையுமாதலின், உண்மை அளவு அதனிற் பெரிதும் தாழ்ந்தது. மாற்றம் சரி, பொருள் பிழை.

அன்றியும், அயனாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில், 50 ஹேர்ட்சு மின்புலத்துக்குப் பொதுமக்கள் சார்பிற் கொண்ட ஒப்பீட்டு மட்டம் மீற்றருக்கு 5 கிலோவோல்ற்று. அதுவே 5000 வோல்ற்று என எழுதப்படின் அச்சம் விளைக்கும். மில்லிமீற்றருக்கு 5 வோல்ற்று எனின் அலட்சியம் விளைக்கும். பழைய நிலைமின் அலகில் 0.17 எனின் இன்மை போலத் தோன்றும். அளவு ஒன்றே, அலகைத் தேர்ந்தவன் கருத்தே வேறு. அறிவித்தலை வாசிக்கும் ஊரவர் அச்சுறுத்தப்படாமலும் ஏமாற்றப்படாமலும் இருத்தற்கு, அலகை ஊடுருவி அளவைக் காணும் ஆற்றல் வேண்டும்.

எனவே, நல்ல அட்டவணை மூன்றினை உடன்கூறல் வேண்டும்: நீளம் எவ்விடத்து நிற்கின்றது என்பது, அலகு எக்கருத்தைச் சுட்டுகின்றது என்பது, அளவு எவ்விடத்துக்கு உரியது என்பது. காரணியை மறந்தவன் இம்மூன்றினாலும் அதனை மீண்டும் பெறுவன். இம்மூன்றினையும் மறந்தவனுக்குக் காரணி துணையாகாது.