பாராமல் இடும் மதிப்பெண்

பனமலை ஏரிக்கரையில் நாற்று நட்டுக் கொண்டிருந்த ஒரு மூதாட்டி முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து, "மயக்கமா வருது தம்பி" என்று சொல்வதாக வைத்துக் கொள்வோம். எதிரே நிற்பவர் இறுதியாண்டு மாணவர். இந்த ஒரு சொல்லுக்கு நம் ஊர்ப் பேச்சில் குறைந்தது நான்கு பொருள்கள் உண்டு. தலை சுற்றி வீடே சுழல்வதும் மயக்கம்; கண் இருண்டு விழப் போவதும் மயக்கம்; நினைவு தப்பி விழுந்து விட்டதும் மயக்கம்; பசியாலோ இரத்தச் சோகையாலோ உடல் தளர்ந்து போவதும் மயக்கம்தான். முதலாவது உட்செவிக் கோளாறாக இருக்கலாம். மூன்றாவது இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டதால் வந்திருக்கலாம். அதைத் தவற விட்டால் உயிருக்கே ஆபத்து. எந்த மயக்கம் என்று அறிய, "வீடு சுத்துற மாதிரி இருந்துச்சா பாட்டி, இல்ல கண்ணு இருட்டுச்சா? எழுந்திருக்கும்போதா, படுக்கையில புரளும்போதா? விழுந்தது ஞாபகம் இருக்கா?" என்று பொறுமையாகக் கேட்க வேண்டும்.

அந்த மாணவர் அவ்வாறு கேட்டாரா, கேட்கவில்லையா? நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் இறுதித் தேர்வு பெரும்பாலும் இதைப் பார்ப்பதே இல்லை.

தேர்வு நடைபெறும் முறையை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். மருத்துவச் செய்முறைத் தேர்வில் 'லாங் கேஸ்' என்று ஒரு பகுதி உண்டு. மாணவரிடம் ஒரு நோயாளியை ஒப்படைக்கிறார்கள். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அவர் நோயாளியிடம் வரலாறு கேட்டு, நாடி பார்த்து, வயிற்றைத் தொட்டு, நெஞ்சைத் தட்டிப் பார்த்து, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி வைக்கிறார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் தேர்வாளர் கட்டிலருகே வருகிறார். மாணவர் ஒப்பிக்கிறார், தேர்வாளர் கேள்வி கேட்கிறார். சில தேர்வாளர்கள், "மண்ணீரலின் விளிம்பைத் தொட்டுக் காட்டுங்கள்" என்று கேட்பதுண்டு; அது நல்ல வழக்கம். ஆனால் மூதாட்டியின் 'மயக்கம்' மாணவரின் தாளில் ஓர் ஆங்கிலச் சொல்லாக மாறிய அந்த நொடியை யாரும் பார்க்கவில்லை. சொல் மாறியிருந்தால் நோயும் மாறியிருக்கும். தேர்வாளர் மதிப்பெண் இடுவது பரிசோதனைக்கு அன்று, பரிசோதனை பற்றிய அறிக்கைக்கு.

இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இது நன்கு பழகிய நோய். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு ஏறத்தாழ 980 செ.மீ. என்று வரவேண்டும் என்பது மாணவர்களுக்கு முன்பே தெரியும். ஊசலைச் சரியாக ஆட்டாதவரும் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அட்டவணையை அழகாக நிரப்பி விடுவார். எழுதிய தாளை மட்டும் பார்த்தால், நேர்மையாக அளந்து 962 பெற்றவரை விட இவருக்கே மதிப்பெண் கூடும். மருத்துவத் தேர்விலும், எந்தக் கட்டிலில் என்ன நோய் என்பது முந்தின இரவே கசிந்து விடுகிறது என்று பல காலமாகப் பேசப்படுகிறது. தேர்வுக்கென்று தேடிப் பிடிக்கப்படும் நோயாளிகளும் ஒரு தனி வகையினர்: வீங்கிய மண்ணீரல், முணுமுணுக்கும் இதயம், நீர் கோத்த நுரையீரல் உறை. விடை தெரிந்த பிறகு முணுமுணுப்பு காதில் கேட்காமலா போகும்!

இன்னொரு குறையும் உண்டு. இதைக் கணக்காகவே காட்டலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 வினாடி. நிறுத்து கடிகாரத்தை அழுத்தும் நம் கையின் பிழை 0.2 வினாடி என்போம். ஒரே ஓர் அலைவை மட்டும் அளந்தால் நேரத்தில் 10 சதவீதமும், முடுக்கத்தின் மதிப்பில் ஏறத்தாழ 20 சதவீதமும் பிழை வரும். 20 அலைவுகளைச் சேர்த்து அளந்தால் அதே கை, அதே கடிகாரம், ஆனால் பிழை ஒரு சதவீதமாகச் சுருங்கி விடும். ஐந்தாண்டுக்கு நெருங்கிய படிப்பின் முடிவில் ஒரு நெடிய நோயாளியையும் ஓரிரு குறுகிய நோயாளிகளையும் கொடுத்து மருத்துவரை அளப்பது, ஓர் அலைவை அளப்பது போன்றது.

தேர்வாளர்கள் நால்வர் இருக்கிறார்களே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. செஞ்சிக் கோட்டையின் உச்சியில் நான்கு மழைமானிகளை அருகருகே வைத்து விட்டு, விழுப்புரம் மாவட்டத்தின் மழையை அளந்து விட்டோம் என்று சொல்ல முடியுமா? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்ஸ்டீன், ஷுல்மன், ஸ்ப்ராஃப்கா ஆகிய மூவர் மருத்துவர்களின் சிந்தனை முறையை ஆராய்ந்து 1978இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஒரு நோயில் திறமையாகச் சிந்தித்தவர் அடுத்த நோயிலும் அதே திறமையைக் காட்டுவார் என்று நம்ப இடமில்லை என்பது அவர்கள் கண்ட முக்கியமான முடிவு. ஆகவே கூட்ட வேண்டியது தேர்வாளர்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் நோயாளிகளின் எண்ணிக்கையே.

மேனாடுகள் இதை உணர்ந்து பல வழிகளை முயன்றன. அமெரிக்க உள்மருத்துவ வாரியம் வாய்மொழித் தேர்வை 1972இல் கைவிட்டது. ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியர் 1975இல் 'ஆஸ்கி' என்னும் தேர்வு முறையை வெளியிட்டார். மாணவர் பல நிலையங்களைச் சுற்றி வருவார். மணி அடித்ததும் அடுத்த நிலையத்துக்கு நகர்வார். ஒன்றில் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், மற்றொன்றில் நோயாளியிடம் வரலாறு கேட்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் பட்டியலை வைத்துக் கொண்டு பார்த்துக் கொண்டே மதிப்பெண் இடுவார். இம்முறையில் நோயாளிகளும் பலர், பார்க்கும் கண்களும் பல.

இதையும் முழுமையாகப் புகழ எனக்கு மனமில்லை. ஐந்து நிமிடத்தில் மணி அடித்து விடும் என்றால், மூதாட்டி தன் கதையைத் தொடங்குவதற்குள் மாணவர் ஓடிவிட வேண்டியதுதான். பட்டியலில் 'ஆறுதல் கூறினாரா?' என்று ஒரு வரி இருந்தால், முகத்தைக் கூடப் பார்க்காமல் ஆறுதல் கூறி மதிப்பெண் வாங்கப் பழகிவிடுவார்கள். செலவும் பெரிது. அமெரிக்கா தன் உரிமத் தேர்வில் இவ்வகைப் பகுதி ஒன்றை 2004இல் சேர்த்து, பெருந்தொற்றின்போது 2020இல் நிறுத்தி, 2021இல் அடியோடு கைவிட்டது.

நம் நாட்டில் 2019இல் இளநிலை மருத்துவக் கல்வி விதிகள் திருத்தப்பட்டன. செயல்திறனுக்கு முதலிடம், திறன்களுக்குக் குறிப்பேடு, தொடக்க மாதத்திலேயே வட்டார மொழிப் பயிற்சி, நோயாளியுடன் உரையாடவும் அறநெறி பேணவும் தனிப் பாடம் என்று நல்ல செய்திகள் பல அதில் உள்ளன. ஆனால் குறிப்பேடு என்பது கையெழுத்து வாங்கும் ஏடாகச் சுருங்குவது எவ்வளவு எளிது! தேர்வுக்கு முந்தின வாரம் ஐம்பது ஆய்வக ஏடுகளை அடுக்கி வைத்துக் கொண்டு, பக்கம் புரட்டிக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். பிறரைக் குறை கூறுமுன் இதைச் சொல்லி விடுவது நல்லது.

பட்டமேற்படிப்பு மருத்துவர்களின் நிலை இன்னும் சிந்திக்கத் தக்கது. படிப்படியாகப் பொறுப்பை ஏற்றி மருத்துவரை உருவாக்கும் உள்ளுறைப் பயிற்சியை, அமெரிக்காவில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் போன்றோர் வகுத்தனர். அதன் உயிர் மேற்பார்வையில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு வார்டில் நிற்கும் முதலாண்டு மாணவரை மேற்பார்ப்பவர் பெரும்பாலும் அவரைவிட ஓராண்டு மூத்தவரே. மூன்றாண்டு முடிவில் மீண்டும் அதே லாங் கேஸ், மீண்டும் ஒப்புவித்தல். அந்தப் படிப்புக்கு இடம் பெறும் நுழைவுத் தேர்வோ பல விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்வது. 2025இல் 200 வினாக்கள், மூன்றரை மணி நேரம். நோயாளியின் அருகில் கழிய வேண்டிய பயிற்சி மருத்துவர் ஆண்டில் கைப்பேசியில் வினாக்களைத் தீர்த்துக் கொண்டிருக்கும் இளைஞரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. எதை அளக்கிறோமோ அதைத்தானே அவர் சேகரிப்பார்?

எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது எளிய வழி ஒன்று. ஜான் நார்சினி என்பவரும் பிறரும் அமெரிக்காவில் 1995இல் உள்ளுறை மருத்துவர்களுக்காக இதை வெளியிட்டனர். 'மினி செக்ஸ்' என்பது அதன் சுருக்கப் பெயர். ஆசிரியர் வார்டில் 15, 20 நிமிடம் பேசாமல் நின்று, பயிற்சி மருத்துவர் உண்மையான நோயாளி ஒருவரிடம் நடந்து கொள்வதைப் பார்க்கிறார். பிறகு, எது சரி, எது தவறு என்று அங்கேயே சொல்லுகிறார். இதை ஆண்டில் பலமுறை, பல நோயாளிகளிடம், வெவ்வேறு ஆசிரியர்கள் செய்ய வேண்டும். தனி மண்டபமோ நடிக்கும் நோயாளியோ மணியோ தேவையில்லை.

ஆசிரியர்களுக்கு நேரம் ஏது என்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வகுப்பில் 100 மாணவர்கள்; ஆளுக்கு ஆண்டில் ஆறு முறை; முறைக்கு 20 நிமிடம். மொத்தம் 200 மணி நேரம். 20 ஆசிரியர்கள் பகிர்ந்து கொண்டால் ஒருவருக்கு ஆண்டில் 10 மணி நேரம், அதாவது மாதத்துக்கு ஒரு மணிக்கும் குறைவு. அந்த ஒரு மணியில், பனமலை மூதாட்டி "மயக்கம்" என்று சொன்னதும் மாணவர் அடுத்து என்ன கேட்கிறார் என்பதை ஆசிரியர் தம் காதாலேயே கேட்டு விடலாம்.