'இன்னசென்சி': ஒரு பழஞ்சொல்லின் பொருள்

மாசின்மையைக் குறிக்கும் 'இன்னசென்சி' என்னும் ஆங்கிலச் சொல் இன்று பெரிதும் வழக்கிழந்துவிட்டது. அதனிடத்தில் 'இன்னசென்ஸ்' நிற்கின்றது. இரண்டும் ஒன்றே எனக் கொள்வது பொதுவழக்கு. பழைய நூல்களைக் கற்போர் இவ்வளவில் அமைதல் பொருந்தாது என்பதே எமது கருத்தாகும்.

இவற்றுக்கு மூலமான இலத்தீன் சொல், தீங்கு செய்யாமை என்னும் பொருளது. 1611இல் வெளிவந்த யேம்ஸ் மன்னர் விவிலிய மொழிபெயர்ப்பில் 'இன்னசென்சி' ஐந்து இடங்களில் வருகின்றது. ஆபிரகாமின் மனைவியென அறியாது சாராளை அழைப்பித்த அபிமெலேக்கு, தன் கைகளின் தூய்மையைக் கூறி இறைவனிடம் வழக்குரைக்கின்றான். சிங்கக் குகையில் உயிர்பிழைத்த தானியேல் அரசனுக்கு விடையிறுக்கையில் இச்சொல்லையே ஆளுகின்றான். 26ஆம், 73ஆம் சங்கீதங்களில் அது கைகழுவுதலோடு இணைகின்றது. இவர்கள் உலகறியாக் குழந்தைகளல்லர். தம் செயலுக்குக் கணக்குக் காட்டும் முதிர்ந்த மாந்தர். ஓசியா நூலிலோ, அது மக்கள் இன்னும் எய்தாத நிலையாகச் சுட்டப்படுகின்றது.

வில்லியம் பிளேக் 1789இல் பாடிய மாசின்மை வேறு. அது குழந்தைமையோடு ஒட்டியது. 1794இல் அனுபவத்தை அதன் எதிர்நிலையாக அவர் நிறுத்தினார். இப்பொருளைப் பழைய நூலில் ஏற்றிப் படிப்பின் வெகுளித்தனம் மட்டுமே எஞ்சும். செயலுக்கான பொறுப்பு மறைந்துவிடும். மாசின்மை இழக்கப்படுவது மட்டுமன்று, முயன்று எய்தப்படுவதுமாகும். வழக்கிழந்த அச்சொல் நமக்கு உணர்த்துவது இதுவே.