இந்தா வந்துட்டேன்!

தமிழர்கள் வாய் கூசாமல் சொல்லும் பொய் ஒன்று உண்டென்றால் அது "வந்துக்கிட்டே இருக்கேன்" என்பதுதான். மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர், பந்தல் போடுகிறவர், கல்யாணத்துக்கு வர வேண்டிய தாய்மாமன், எல்லாருக்கும் இது பொதுச் சொத்து. ஆனால் அந்தப் பொய்யை ஒவ்வொரு ஊரும் சொல்கிற அழகு இருக்கிறதே! கோவையில் "இத்தா வந்துட்டனுங்க". நெல்லையில் "இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி, வீட்ட விட்டு எறங்கியாச்சு". மதுரையில் "இந்தா வந்துட்டோம்ண்ணே, கோரிப்பாளையம் தாண்டியாச்சு". சென்னையில் "தோ வந்துனே கீறேன் நைனா". யாழ்ப்பாணத்தில் "இந்தா வெளிக்கிட்டிட்டன்". ஐந்து பேரும் இன்னும் குளிக்கவே போகவில்லை என்பது நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். காத்திருக்கிறவனுக்கு எரிச்சல் வரத்தான் வேண்டும். எனக்கு வருவதில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றுதான் இருக்கும்.

நான் விதைக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. வருஷத்தில் பாதி நாள் டவுன் பஸ்ஸிலும் உரக்கடை பெஞ்சிலும் போகிறது. சொந்த ஊர் திருச்சி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு: உலகத்தில் எல்லாரும் இழுத்துப் பேசுகிறார்கள், நாங்கள் மட்டும்தான் சரியாகப் பேசுகிறோம் என்று. அந்த நினைப்போடுதான் நானும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். முதலில் அதை உடைத்தது கொங்கு நாடு.

கோபிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். தக்காளி விதை சரியாக முளைக்கவில்லை என்று தகவல் வந்து போயிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, நீங்க குடுத்த வெதைங்க, பாதி மொளைக்கவே இல்லீங்க. இதுக்கு நானுங்க, அந்தப் பணத்த வாய்க்கால்ல எறிஞ்சிருக்கலாமுங்க. நீங்கெல்லாம் நல்லா இருப்பீங்களாங்க?" என்றார். சாபம்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டு, பன்னீர் தெளித்து அனுப்பிய சாபம். திட்டு வாங்குகிறோமா, உபசாரம் நடக்கிறதா என்றே பிடிபடவில்லை. நான் மாற்று விதைக்கு எழுதிக்கொடுத்து முடிப்பதற்குள் அவரே, "செரி, போச்சாது போங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோரு குடிங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டார்.

போச்சாது! கோபத்தை ஒரே சொல்லில் குப்பையில் கொட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிற சொல். பரவாயில்லை என்பதெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அன்றிலிருந்து கொங்குச் சொற்களுக்கு அடிமை. விடிகாலையில் என்பதற்கு 'வெள்ளென'. உறவினர் வந்தால் 'ஒறம்பரை'. முழுக்க என்பதற்கு 'முச்சூடும்'. வீட்டுக்குப் பின்புறம் 'பொடக்காலி'. அப்பாவின் அப்பா 'அப்பாரு', அம்மாவின் அப்பா 'அப்புச்சி'; எந்த வழித் தாத்தா என்று விளக்கம் கேட்கவே தேவையில்லை. 'என்ற ஊடு, உன்ற ஊடு' என்று அவர்கள் சொல்லும்போது அந்த 'ற' நாக்கில் உருள்கிறதே, அதற்காகவே ஈரோட்டு பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் வேண்டுமென்றே பேச்சுக் கொடுப்பேன். இந்தப் பேச்சை முதலில் நாவலுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தவர் ஆர். சண்முகசுந்தரம், 'நாகம்மாள்' வந்தது 1942-ல். பிறகு பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். அதை நான் அகராதியாகப் பார்ப்பதில்லை. தீபாவளி மலர் மாதிரி எந்தப் பக்கத்தையாவது பிரித்துப் படிப்பேன்.

கொங்கு என்னைக் கவிழ்த்தது என்றால், நெல்லைச் சீமை என்னைக் குடிவைத்துக்கொண்டது.

சினிமாக்காரர்கள் செய்த ஒரு கொடுமையை இங்கே சொல்லியாக வேண்டும். எல்லா வாக்கியத்துக்கும் ஒரு 'லே' போட்டால் நெல்லைத் தமிழ் ஆகிவிடும் என்று ஊரை நம்பவைத்துவிட்டார்கள். கண்டவரை 'ஏலே' என்றால் நெல்லையில் அடி விழும். அங்கே அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை சங்கரன்கோவில் பக்கம் ஓர் உரக்கடையில், ஒரு காப்பி குடித்து முடிக்கிற நேரத்துக்குள் முழுசாகக் கேட்டேன். கடைக்காரரும் அவர் கூட்டாளியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னவே, நேத்து வாரேம்னீரு, ஆளையே காணும்?"

"நாந்தான் வந்தேம்லா. நீருதான் கடையப் பூட்டிட்டுப் போயிட்டீரு."

"நான் எங்கவே போனேன்? பொறவாசல்லதான இருந்தேன்."

"பொறவாசல்ல இருக்க ஆளு முன்வாசல்ல பூட்டு போடுவாராவே?"

இதற்குள் பையன் காப்பி கொண்டுவந்தான். கடைக்காரர் அவன் பக்கம் திரும்பி, "ஏல, பைய வைல, கொட்டீராத" என்றார். அதே மூச்சில் என்னைப் பார்த்து, "சார்வாள், அந்த மேலப்பக்கம் இருக்க டம்ளர எடுத்துக்கிடுங்க, அதுலதான் சீனி கம்மி" என்றார். பையனுக்கு நீ, கூட்டாளிக்கு நீரு, வெளியூர்க்காரனுக்கு நீங்க. நமக்கெல்லாம் பாடப்புத்தகத்தோடும் புராணப் படங்களோடும் போய்விட்ட 'நீர்' அங்கே தினமும் பல் விளக்கி, குளித்து, கடைக்கு வருகிறது! ரொம்ப நெருக்கமும் இல்லாத, ரொம்பத் தூரமும் இல்லாத ஒரு நட்புக்கு, வயசான இரண்டு பேர் ஒருவரையொருவர் மரியாதை குறையாமல் வம்புக்கு இழுப்பதற்கு, அதைவிடத் தோதான சொல் தமிழில் கிடையாது. அந்த 'வே' இல்லாமல் அந்தச் சண்டை ருசித்திருக்குமா?

இன்னொன்றையும் கவனித்தீர்களா? மேலப்பக்கத்து டம்ளர். தட்டில் இருக்கிற டம்ளருக்குத் திசை சொல்கிறார்கள்! தெற்கத்தியாருக்கு இடதும் வலதும் அநேகமாகத் தேவையே இல்லை. "கெழக்க பாத்து உக்காருங்க", "தெக்குச் சுவத்துல மாட்டு" என்று வீட்டுக்குள்ளேயே திசைதான். சென்னையிலிருந்து போகிறவர்கள் இதில் எரிச்சலாவதைப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸைவிட்டு இறங்கினதும் "வடக்க போயி மேக்க திரும்புங்க" என்றால் பாவம், சூரியனைத் தேட வேண்டியிருக்கிறது. எனக்கோ அதைக் கேட்டால் கொண்டாட்டம். வழிகேட்ட பிறகு அந்த நாள் முழுக்கத் திசை தப்பாது.

நெல்லையின் பேரில் வெளியூர்க்காரர்கள் வைக்கும் பெரிய புகார் 'சவம்'. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது "சவத்த விடுங்க, அடுத்த வண்டில போவோம்" என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. "சவம், மழ வேற பெய்யுது." "சவம், மறந்தே போச்சு." பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை அம்மா "ஏ சவமே, சாப்புட்டுட்டுப் போ" என்று துரத்திக்கொண்டு ஓடுவதை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதில் அபசகுனம் எங்கே இருக்கிறது? கொஞ்சலின் உச்சம் அது. சொல்லைக் கேட்காதீர்கள், அந்தக் குரலைக் கேளுங்கள்.

இதே சீமையின் கரிசல் பக்கத்தில், இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் மக்கள் பேசுகிற மாதிரியே எழுதினார். கரிசல் சொற்களுக்கு அகராதியும் போட்டார். 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு சாகித்ய அகாதெமி விருது. பேச்சுவழக்கைக் கொச்சை என்று மூக்கைச் சுளிப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. கி.ரா.வின் ஒரு கதையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

மதுரையைப் பற்றித் தனியாக என்ன சொல்ல? "வந்தாய்ங்க, போனாய்ங்க" என்பதிலேயே ஊர் முழுக்க அடங்கிவிடுகிறது. 'அவர்கள்' என்கிற மரியாதையும் வேண்டாம், 'அவன்' என்று தனியாளாகச் சுருக்கவும் வேண்டாம், அவய்ங்க! கூட்டத்தைப் பற்றி வம்பு பேச இதைவிட வசதி உண்டா? கூடவே சலம்பல், அலப்பறை, எகத்தாளம் என்று ரகளைக்கு மட்டும் ஒரு கூடைச் சொற்கள்.

சென்னைக்குத்தான் நான் ரொம்பத் தாமதமாக மயங்கினேன். முதலில் "நான் வரச்சொல்ல மழ புட்ச்சிகிச்சு" என்று ஒரு ஆட்டோக்காரர் சொன்னபோது, யாரை வரச்சொன்னார் என்றுதான் எந்தத் தெற்கத்தியானும் யோசிப்பான். வரும்போது என்பதுதான் வரச்சொல்ல. வேலூர்ப் பக்கத்திலும் இதே பேச்சு உண்டு. சென்னைப் பேச்சை இழிவாக நினைப்பவர்கள் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நாஷ்டாவும் உஷாரும் பேஜாரும் உருதுக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. குந்து என்பதும் அப்பால என்பதும் சுத்தமான தமிழ். துறைமுக நகரம் ஒன்று வந்தவர் போனவரிடமெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டதை ரிக்‌ஷாக்காரர்களும் மீனவர்களும் ஒன்றாகச் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1958-ல் வந்த 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக அதைப் பேசுகிற வேகத்தை இன்றைக்குப் பார்த்தாலும் கைதட்டத் தோன்றுகிறது.

திருச்சியில் எங்கள் தெருவுக்கு யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று குடிவந்தது. அந்த அக்கா சாப்பாட்டுப் பந்தியில் "காணும், காணும்" என்று இலையை மறைப்பார். எதைக் காணும் என்று என் அம்மா தேடுவார். போதும் என்று அர்த்தம். நாற்காலி அவர்களுக்குக் கதிரை, சமையலறை குசினி; இரண்டும் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனவை. இதெல்லாம் அழகுதான். ஆனால் என்னை ஆளையே சாய்த்தது வேறு. ஒருநாள் நான் கம்பத்திலிருந்து போன் செய்தபோது அந்த அக்கா கேட்டார்: "தம்பி, உங்கை மழையோ?"

உங்கை! அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. கேட்கிறவன் இருக்கிற இடம். அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் சொல்வதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து, 'உ' செத்துப்போய்விட்டது என்று குறிப்பெழுதித் தேர்வானவன் நான். செத்ததாக எழுதிய எழுத்து போனில் வந்து மழை விசாரிக்கிறது! அதே தொல்காப்பியம் திசைச்சொல் என்று ஒரு வகையே வைத்திருக்கிறது. குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பார்கள் என்று உரைக்காரர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தள்ளை என்ற சொல்லை இன்றைக்கும் கேட்கலாம். அன்றைக்கே ஊருக்கு ஊர் பேச்சு வேறாகத்தான் இருந்திருக்கிறது, இலக்கணக்காரர்களும் அதைத் தப்பு என்று அடிக்கவில்லை.

எனக்கு எரிச்சலே வராதா என்றால், வரும். ஊரே இல்லாத பேச்சைக் கேட்டால் வரும். "இப்போ நம்ம என்ன பண்ணப் போறோம்னா, ஆனியன் ஆட் பண்ணி, நல்லா மிக்ஸ் பண்ணி" என்று டிவியில் சமைக்கிறார்களே, அது. "சார், ஆக்சுவலா நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்று தொடங்கிக் கடைசிவரை எதையும் சொல்லாமல் போனை வைக்கிறார்களே, அது. இந்தப் பேச்சுக்கு எந்த மண்ணும் ஒட்டவில்லை. எங்கள் சென்னை ஆபீஸில் நாகர்கோவில் தம்பி ஒருவன் இருக்கிறான். அம்மாவிடமிருந்து போன் வந்தால் எழுந்து மாடிப்படிக்குப் போய்விடுவான். "எம்மா, சோறு தின்னாச்சா? அப்பாக்க கால் வலி கொள்ளாமா?" என்று அங்கே குரல் இழையும். திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்ததும் "சொல்லுங்க சார், செக் பண்ணிட்டு கால் பேக் பண்றேன்". முதல் குரலை எதற்கடா படிக்கட்டில் ஒளித்துவைக்கிறாய் என்று கேட்டேன். சிரிப்பார்கள் சார் என்றான். சிரிக்கட்டும். சிரிக்கிறவனும் ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்து, தன் பேச்சைப் படிக்கட்டில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவன்தான்.

கடைசியாகத் தீர்ப்பு. காதுக்கு முதல் பரிசு நெல்லைக்கு. திட்டு வாங்குவதென்றால் கொங்கில். வம்பு பேச மதுரை. போனில் நலம் விசாரிக்க யாழ்ப்பாணம். இதை ஒத்துக்கொள்ளாதவர்கள், குறிப்பாகத் தஞ்சாவூர்க்காரர்கள், எனக்குத் தாராளமாகத் திட்டிக் கடிதம் எழுதலாம். ஒரே நிபந்தனை: உங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுத வேண்டும். பொதுத்தமிழில் வருகிற திட்டுகள் பிரிக்கப்படமாட்டா.