பேச்சுவார்த்தை மேஜையும் நமது எழுத்தும்

நமது எழுத்தில் வேலைநிறுத்தம் எப்போதும் தெருவில்தான் நடக்கிறது. கொடி, ஊர்வலம், தடியடி, பிணம், பிறகு விடியல். கதாநாயகன் செத்தாலும் விடிகிறது, சாகாவிட்டாலும் விடிகிறது. ராயபுரத்தில் பிறந்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓர் ஆலையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம். மூன்று வருஷத்துக்கோ நான்கு வருஷத்துக்கோ ஒரு முறை கையெழுத்தாகி, ஒரு குடும்பம் என்ன சாப்பிடும், பெண்ணுக்கு எப்போது கல்யாணம் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற அந்த ஒப்பந்தம் நமது எழுத்தில் ஏன் இல்லை?

ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) கைத்தறி நெசவாளரின் பசியைச் சொன்ன நாவல். அந்த நெசவாளியின் எதிரே ஆலை நிர்வாகம் என்று ஒன்று உட்காரவில்லை. எனவே அதனிடம் இதைக் கேட்பது நியாயமில்லை. டி. செல்வராஜின் 'தோல்' (2010) திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர் ஒன்றுசேர்வதைப் பொறுமையாகச் சொல்கிறது. நான் குறை சொல்வது இவற்றை அல்ல. இவற்றுக்குப் பின்னால் வந்த கோஷக் கவிதைகளையும், ஆலையின் சங்கொலியைத் தவிர ஆலையைப் பற்றி வேறெதுவும் அறியாத கதைகளையும்தான். நானும் அப்படி ஒன்று எழுதியவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலைநிறுத்தத்தின் பலம் பெரும்பாலும் அது தொடங்குவதற்கு முன்னால் இருக்கிறது. பழைய ஒப்பந்தம் முடியப் போகிறது என்று தெரிந்ததுமே நிர்வாகம் ஓவர்டைம் கொடுத்துக் குடோனை நிரப்பும். கைக்கு நாலு காசு வருகிறது என்று தொழிலாளியும் நிரப்பிக் கொடுப்பான். நிரம்பிய பிறகு வெளியே போனால் நிர்வாகத்துக்கு அது சம்பளம் தர வேண்டியிராத விடுமுறை. எனவே விவரம் தெரிந்த சங்கம் முதலில் ஓவர்டைமை நிறுத்தும்; கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்துவிட்டுச் சரக்கின் அளவைப் பார்த்துக் காத்திருக்கும். இந்தக் காத்திருத்தலில் இருக்கிற நாடகம் ஊர்வலத்தில் இல்லை. இதை எழுத ஆளில்லை.

ஒப்பந்தத்திலும் வகைகள் உண்டு. 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டப்படி 12(3) என்றால் சமரச அதிகாரி முன்னிலையில் ஆனது. ஆலையிலுள்ள எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். 18(1) என்றால் கையெழுத்திட்டவர்களை மட்டும். இந்த எண்களை டீக்கடையில் பேசிக்கொள்கிற தொழிலாளியை நான் பார்த்திருக்கிறேன். கவிதையில் பார்த்ததில்லை.

இதெல்லாம் நுணுக்கம், இலக்கியத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். 1921ஐப் பாருங்கள். 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் மற்றவர்களும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. 1920 இறுதியில் கம்பெனி நீதிமன்றம் போய், தொழிலாளரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியா முதலானோர் மீது வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கியது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு தேவை என்ற குரல் இந்த வழக்கிலிருந்துதான் வலுத்தது; 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

சட்டத்துக்கு முன்னால் வந்தது தோல்வி. 1921 ஜூன் முதல் அக்டோபர் வரை நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் சேரவில்லை. எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள் அவர்கள் பக்கத்து நியாயத்தைப் பேசினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டது. வேலைநிறுத்தம் உடைந்தது. இதைக் கம்பெனியின் பிரித்தாளும் சூழ்ச்சி என்று ஒரு வரியில் முடித்துவிடுவது நமது வழக்கம். சூழ்ச்சி இருந்திருக்கும். ஆனால் பிரிப்பதற்குத் தோதாக விரிசல் ஏற்கெனவே இருந்தது. தன்னோடு உட்கார்ந்து சாப்பிடாதவனுக்காக ஒருவன் எத்தனை மாதம் பட்டினி கிடப்பான்? எனக்குத் தெரிந்து நமது தொழிலாளர் இலக்கியம் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எழுதவில்லை.

இது பழங்கதை அல்ல. 2024 ஆகஸ்ட் 27 அன்று, மறுநாள் தொடங்கவிருந்த வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாளில், பெருந்துறைமுகத் தொழிலாளருக்கு ஊதிய உடன்பாடு கையெழுத்தாயிற்று. 2022 ஜனவரி 1 முதல் 5 வருஷத்துக்கு, 8.5% உயர்வு. நல்ல பேரம், கத்தி உறையிலிருந்தே வேலை செய்தது. ஆனால் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் தனியார் கைக்குப் போனது 2001இல். அங்கே கன்டெய்னரைப் பூட்டுகிறவனுக்கும் அவிழ்க்கிறவனுக்கும் இந்த உடன்பாட்டில் பங்கில்லை. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்குத் தொழிலுறவுத் தொகுப்பு வந்துவிட்டது. எந்த ஆலையிலும் 14 நாள் நோட்டீஸ் வேண்டும். பாதிப்பேர் சொல்லிவைத்து ஒரே நாளில் லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தம். பல சங்கங்கள் இருக்கிற இடத்தில் 51% தொழிலாளரின் ஆதரவுள்ள சங்கமே தனித்துப் பேசலாம். அந்த 51, ஆலையின் வருகைப் பதிவேட்டை வைத்து எண்ணப்படுகிறது. காண்ட்ராக்டரின் பதிவேட்டில் இருப்பவனை யார் எண்ணுவது?

என் கவிதைக்கு வருகிறேன். எங்கள் ஆலையில் ஒரு நல்ல ஒப்பந்தம் முடிந்த வாரத்தில் எழுதினேன். ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. 'நாம்' என்ற சொல் அதில் ஒன்பது முறை. எங்கள் ஷெட்டில் காண்ட்ராக்டில் இருந்த ஒரு பையனிடம் பெருமையாகக் காட்டினேன். படித்துவிட்டு, "அண்ணே, இந்த நாம்-ல நான் கீறேனா?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கோரிக்கைப் பட்டியல் எழுதியவர்களில் நானும் ஒருவன். காண்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்குவது அதில் பதினேழாவது கோரிக்கை. பேச்சுவார்த்தை இரண்டாம் நாளே சம்பளத்துக்கு ஈடாக அதை விட்டுக்கொடுத்தோம். விட்டுக்கொடுப்பதற்கென்றே சில கோரிக்கைகளை எழுதுவார்கள். அது ஒன்று.

கவிதை பொய் என்று அன்று தெரிந்தது. நிகழ்ச்சி பொய்யல்ல, சர்வநாமம் பொய். பிறகு தொகுப்புப் போட்டபோது அந்தக் கவிதையை விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால் அதுவும் சரியென்று படவில்லை. பதினேழாவது கோரிக்கையை எடுத்த மாதிரியே அதையும் எடுத்திருக்கிறேன்.