இலவசத்தால் வென்ற சந்தை

தொழில்முனைவோர் கருத்தரங்குகளில் சந்தையைப் புரட்டிப்போடுவது எப்படி என்ற பாடத்துக்கு ஜியோவையே உதாரணம் காட்டுகிறார்கள். அதைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நன்மையை மறுக்கவில்லை. ஒரு ஜிபி டேட்டாவுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்த நாட்டில், கூலித் தொழிலாளியின் கைக்கும் இணையம் வந்து சேர்ந்தது. 2ஜி, 3ஜி சுமையில்லாமல் முழுக்க 4ஜியிலேயே வலையமைப்பைக் கட்டியதும் துணிச்சலான முடிவுதான்.

ஆனால் சந்தையைப் பிடித்துக் கொடுத்தது அந்தப் பொறியியல் அல்ல. 2016 செப்டம்பர் 5 முதல் 2017 மார்ச் 31 வரை அழைப்பும் இலவசம், டேட்டாவும் இலவசம். தாய் நிறுவனம் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஈட்டிய பணபலம் பின்னால் நின்றதால்தான் அந்தச் செலவைத் தாங்க முடிந்தது. செல்பேசிச் சேவையை மட்டுமே நம்பிப் பிழைத்தவர்கள் எவ்வளவு நல்ல தொழில்நுட்பம் வைத்திருந்தாலும் இதற்கு ஈடுகொடுத்திருக்க முடியாது.

ஏர்டெல் புகார் கொடுத்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2017 ஜூனில் அதைத் தள்ளுபடி செய்தது. சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் அடக்கவிலைக்குக் கீழே விற்றால்தான் குற்றம். ஜியோ புதிதாக நுழைந்த நிறுவனம் என்பது ஆணையத்தின் வாதம். என் நெடுநாள் ஆட்சேபம் இங்கேதான். அன்றைய சந்தைப் பங்கை வைத்தே பலத்தை அளந்தால், எவ்வளவு பெரிய முதலாளியும் புதிய துறையில் முதல் நாள் சிறியவராகத்தான் தெரிவார். அவர் பெரியவராகிச் சட்டம் விழிக்கும்போது, போட்டியாளர்கள் களத்தில் இருக்கமாட்டார்கள்.

அப்படித்தான் நடந்தது. 1999இல் தமிழகத்தில் சேவை தொடங்கிய ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. சிக்னல் இழந்த மக்கள் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ளக் கடை வாசல்களில் வரிசையில் நின்றார்கள். ஏர்செல்லுக்குப் பழைய கடன் இருந்தது உண்மை. அதை அடைப்பதற்கான வருமானத்தைத்தான் இந்த விலைப்போர் பறித்தது. அதே ஆண்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின.

தனியாரில் மிஞ்சியவை மூன்று. 2024 ஜூலையில் மூன்றும் ஓரிரு நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவில் 28 நாளுக்கு 239 ரூபாயாக இருந்த பிளான் 299 ஆனது. பி.எஸ்.என்.எல். அப்போது நாடு முழுவதும் 4ஜியைக்கூடக் கொண்டுவந்திருக்கவில்லை. வாடிக்கையாளர் எங்கே போவார்?

நட்டத்துக்கு விற்பவர் புதியவரா, பழையவரா என்பது முக்கியமல்ல. அந்த நட்டத்தை எந்தப் பணம் ஈடுகட்டுகிறது என்பதைப் போட்டிச் சட்டம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்படி சட்டத்தைத் திருத்துங்கள்; அதுவரை, இலவசத்தால் கிடைத்த வெற்றியைப் புதுமை என்று மாணவர்களுக்குக் கற்பிக்காதீர்கள்.