ஏழும் பதினொன்றும்

கொட்டாஞ்சேனையில் வீதிக்கு வீதி கீபோர்ட் வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தேவாலயப் பெருவிழா, கலியாண வீடு, ஆண்டுவிழா, எங்கும் அவர்கள்தான். ஆனால் மிடி என்று பேச்செடுத்தால் போதும், "அது பழைய ரிங்டோன் சத்தம்தானே?" என்று நழுவிவிடுகிறார்கள். கேட்கக் கேட்கக் கோபம் வருகிறது.

மிடி சத்தமே இல்லை. எந்தச் சுரத்தை, எப்போது, எவ்வளவு அழுத்தி வாசிப்பது என்று கருவிக்குப் போகும் கட்டளை. 1983இல் வந்தது. சனல்கள் 16, அளவுகள் 0 முதல் 127 வரை. கன்ட்ரோலர் என்ற எண்ணிட்ட கட்டளைகளில் 7, சனலின் வொலியூம். 10 பேனிங்: 0 இடது, 64 நடு, 127 வலது. அடிப்படை இவ்வளவுதான், மிச்சத்தைக் காது சொல்லித்தரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 11 என்று இன்னொன்று இருக்கிறது, எக்ஸ்பிரஷன். 7க்கும் 11க்கும் வித்தியாசம் தெரியாதவர் மிடி இசையில் பாதியைத்தான் கேட்கிறார். இரண்டும் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பவைதானே என்பார்கள். இல்லை! 7 என்பது வயலின்காரரை மேடையில் எந்த வரிசையில் உட்காரவைப்பது என்ற முடிவு. 11 என்பது அவர் வில்லை அழுத்துவதும் தளர்த்துவதும்.

நன்றாகச் செய்த ஒரு பாட்டின் வயலின் சனலைத் திறந்து பாருங்கள். முதல் சுரத்துக்கு முன்னமே 7இல் 90 என்று எழுதியிருக்கும். பாட்டு முடியும்வரை அது அசையாது. 11 மட்டும் 70இல் தொடங்கி, இரண்டு பார்களில் 115 வரை ஏறி, சரணத்துக்கு முன் தணிந்துவிடும். வயலின் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதா? 90ஐ 80 ஆக்குங்கள், ஏற்ற இறக்கம் குலையாது. எல்லாவற்றையும் 7இலேயே வரைந்தவர் புள்ளி புள்ளியாகத் திருத்திக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தரத்தை வகுத்தவர்களும் இந்தப் பிரிவை மதித்தார்கள். 121 என்ற மீட்டமைக்கும் கட்டளையை அனுப்பினால் எக்ஸ்பிரஷன் 127க்குத் திரும்பும். வொலியூமும் பேனிங்கும் வைத்த இடத்திலேயே நிற்கும்.

எல்லாச் சனலையும் 127க்கு ஏற்றிவிட்டு "பவர்" என்பவர்களிடம் ரசனை கிடையாது. மேலே ஏற இடமே இல்லாத இசை எப்படி உச்சத்துக்குப் போகும்? ஹெட்போனுக்குள் பாட்டைச் சுழலவிடும் 'எட்டு டி' மோகமும் அப்படித்தான், அரை நிமிடத்தில் அலுத்துவிடும். கொம்பியூட்டர் இசைக்கு உயிரில்லை என்று எழுதும் விமர்சகர்கள் கன்ட்ரோலர் 11ஐ ஒருநாளாவது திறந்து பார்த்ததுண்டா? அதே ஆட்கள்தான் 1992இன் 'ரோஜா' படப் பாடல்களை மெச்சுகிறார்கள். அதில், மிடி கட்டளைகளைப் பதிந்து வாசிக்கவைக்கும் சீக்குவென்சரின் பங்கு அவர்கள் கண்ணில் படுவதேயில்லை.

உங்களிடம் ஒன்று சொல்லிவைக்கிறேன். பேனிங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவரை நம்பாதீர்கள். மண்டபங்களிலும் திடல்களிலும் கட்டும் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் மோனோ. நீங்கள் பிரித்த இடமும் வலமும் அங்கே ஒன்றாகிவிடும். போதாததற்கு, அப்படி ஒன்றாகும்போது வழக்கமான பேனிங் கணக்கில் ஒரே ஓரத்துக்குத் தள்ளிய கருவி, நடுவில் இருப்பதைவிட 3 டெசிபல் தாழ்ந்து கேட்கும். ஜூன் 13, கொச்சிக்கடை அந்தோனியார் பெருவிழாவுக்கு ட்ராக் செய்கிற தம்பிமாரே, புல்லாங்குழலை 0க்குத் தள்ளாதீர்கள், 50 போதும். அதன் 11ஐ மட்டும் ஆசைதீர வரையுங்கள்.