ஊசலும் மறக்கப்பட்ட நூலும்

கனத்த இரும்புக் குண்டொன்றைக் கூரைக் கொக்கியிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, அதைத் தமது மூக்கின் நுனிவரை இழுத்துப் பிடித்து, பின்னந்தலையைச் சுவரோடு சேர்த்து நின்று மெல்லக் கைவிட்டு, எதிர்ப்புறம் போய்த் திரும்பி அது தம் முகத்தை நோக்கிப் பாய்ந்து வரும்போதும் அசையாமல் நிற்கும் ஆசிரியருக்குக் கைதட்டாத வகுப்பு இராது. பௌதிக போதனையில் இன்று இக்காட்சிக்கு மிகுந்த கௌரவம் ஏற்பட்டிருக்கிறது. அதை ஆதாரமாகக் கொண்டு ஆசிரியர்களிடையே ஒரு சித்தாந்தமும் வேரூன்றி வருகிறது. ஊசலை விளக்கச் சக்தி ஒன்றே போதும். உச்சியில் நிலைச் சக்தி, அடியில் இயக்கச் சக்தி, இரண்டின் கூட்டுத்தொகை மாறாதது. இதற்கு மேல் விசைகளைத் திசைவாரியாகப் பிரித்துக் காட்டுவது இளம் மாணவனை வீணே மிரட்டுவதாகும் என்பதே அச்சித்தாந்தம்.

சக்தி வழியின் பெருமையை மறுப்பவன் அல்லன் நான். ஊசலின் நூல் நடுவழியில் ஓர் ஆணியில் தடுக்கப்பட்டாலும் குண்டு மறுபுறத்தில் ஏறத்தாழ அதே உயரத்துக்கு ஏறுகிறது என்று கலிலியோ 1638-ல் வெளியான தமது நூலில் எடுத்துக்காட்டிய உண்மையை, இன்று எட்டாம் வகுப்புச் சிறுவனும் ஒரு நொடியில் உணரும்படி செய்வது அந்த வழியே. 60 பாகை சாய்வில் விடப்பட்ட 1 மீட்டர் ஊசல் அடியை எட்டும்போது வினாடிக்கு ஏறத்தாழ 3.1 மீட்டர் வேகம் கொண்டிருக்கும் என்பதை அது ஒரே வரியில் தந்துவிடுகிறது. இவை நல்ல பயன்கள். இவற்றோடு நின்றிருந்தால் எனக்கு வழக்கு ஒன்றுமில்லை.

என் ஆட்சேபம் நூலைப் பற்றியது. நூலின் இழுவிசை குண்டு செல்லும் திசைக்கு எப்போதும் செங்குத்தாகவே இருப்பதால் அது எவ்வேலையும் செய்வதில்லை. எனவே சக்திக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. கணக்கில் இடமில்லாதது மாணவன் மனத்திலிருந்தும் நழுவிவிடுகிறது. ஆனால் நேரே கீழே விழ வேண்டிய குண்டை வட்டப் பாதையில் வளைத்து நிறுத்துவது எதுவோ, எதை வெட்டிவிட்டால் ஊசல் என்ற பொருளே இல்லாமல் போகுமோ, அந்த நூலைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத விளக்கத்தை ஊசலின் விளக்கம் என்று எப்படி ஏற்பது?

இதன் விளைவை விடைத்தாள் திருத்தியவர்கள் அறிவார்கள். குண்டு ஒரு பக்க உச்சியில் கணநேரம் நிற்கும் நிலையில் அதன்மீது செயல்படும் விசைகளைக் குறிக்கச் சொன்னால், அங்கே வேகம் பூஜ்யம், ஆகவே நிகர விசையும் பூஜ்யம் என்று கூசாமல் எழுதுகிறான் மாணவன். அடிநிலையைக் கேட்டாலோ, எடையை ஓர் அம்பாகவும் இழுவிசையை அதே நீளமுள்ள இன்னோர் அம்பாகவும் வரைந்து, இரண்டும் சமம் என்று கோடிட்டு முடிக்கிறான். நிலைச் சக்திக்கு ஒரு பட்டை, இயக்கச் சக்திக்கு ஒரு பட்டை என்று நின்றுபோன சித்திரங்களாகவே இயக்கத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒவ்வொரு சித்திரத்திலும் குண்டு அசையாமல் தொங்குவதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. உண்மை இதற்கு நேர்மாறு. 60 பாகையில் விடப்பட்ட ஊசலின் நூல் உச்சியில் எடையில் பாதியை மட்டுமே தாங்குகிறது. குண்டு நிற்கும் அந்தக் கணத்திலேயே அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.87 பங்காக இருக்கிறது. அடியில் நூலின் இழுவிசை எடையைப் போல் இரு மடங்கு. சமநிலை என்று மாணவன் கோடிட்ட அந்த இடத்தில் குண்டு மேல்நோக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தின் முழு அளவில், முடுக்கம் பெற்றுக்கொண்டிருக்கிறது.

மூக்கின் எதிரே குண்டு வந்து நிற்கும் காட்சியை இந்தக் கண்ணோடு மீண்டும் பாருங்கள். கூடியிருப்போர் அனைவரும் ஆசிரியரின் முகத்தையே பார்க்கிறார்கள். கொக்கியைப் பார்ப்பவர் எவருமில்லை. 15 கிலோ குண்டு 60 பாகையிலிருந்து இறங்கி அடியைக் கடக்கையில் கொக்கி தாங்க வேண்டியது 30 கிலோ எடை. குண்டு புறப்பட்ட உயரத்தைத் தாண்டாது என்பதற்குச் சக்தி விதி உத்தரவாதம் தரும். கயிறு அறாது என்பதற்கு அது எந்த உத்தரவாதமும் தராது. அபாயம் மூக்கருகில் இருப்பதாக நம்பவைத்து, அது உண்மையில் உறையும் இடத்தை மறைத்துவிடுகிற காட்சியை உத்தமமான பாடம் என்று கொண்டாடுவது எனக்கு உடன்பாடன்று.

ஊசற் கடிகாரத்தை உலகுக்கு அளித்த ஹைகன்ஸ் இப்படிப் பாதியில் நின்றவர் அல்லர். 1673-ல் வெளியிட்ட தமது நூலின் நான்காம் பகுதியில், பல பொருள்களின் பொதுப் புவியீர்ப்பு மையம் தான் விழுந்த உயரத்துக்கு மேல் தானாக ஏறாது என்ற, இன்றைய சக்திக் கொள்கைக்கு முன்னோடியான கருத்தைக் கொண்டு கூட்டு ஊசலை ஆராய்ந்த அதே மனிதர், ஐந்தாம் பகுதியின் இறுதியில், கால்வட்டம் முழுவதும் இறங்கிவரும் ஊசல் அடிநிலையில் தன் நூலைச் சும்மா தொங்கும்போது இழுப்பதைப் போல் மூன்று மடங்கு விசையோடு இழுக்கும் என்ற தேற்றத்தையும் எழுதிவைத்தார். இரு பார்வைகளும் ஒரே நூலின் அட்டைகளுக்குள் இருந்தன. நாம் ஒன்றைக் கிழித்தெறிந்துவிட்டு மற்றதை நவீனம் என்கிறோம்.

காலத்தைப் பற்றியும் அந்தப் பட்டைச் சித்திரம் ஊமையே. 1672-ல் பாரிஸிலிருந்து பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள கயேனுக்குச் சென்ற ழான் ரிஷேர், தமது ஊசற் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிஷம் பிந்துவதைக் கண்டார். பாரிஸிலும் கயேனிலும் குண்டு ஏறும் உயரம் ஒன்றே. பட்டைகள் ஏறி இறங்கும் விதமும் ஒன்றே. சந்திரனில் கொண்டுபோய்த் தொங்கவிட்டாலும் அச்சித்திரம் மாறாது. மாறியது குண்டைத் திருப்பி இழுக்கும் விசையின் அளவு. சக்திச் சமன்பாட்டைத் தொகையிட்டும் அலைவு நேரத்தைப் பெறலாமே என்பார்கள், பெறலாம்தான். ஆனால் அம்புக்குறிகள் மாணவனை மிரட்டும் என்று அஞ்சுகிறவர்கள், தொகை நுண்கணிதத்தை அவன்முன் வைக்கத் துணிவார்கள் என்று நான் நம்பவில்லை.

விசையைக் காட்டுவது கடினம் என்ற வாதமும் நிற்காது. பள்ளிப் பிரயோகசாலைகளில் தூசி படிந்து கிடக்கும் வில்தராசு ஒன்றைத் தாங்கியில் மாட்டி, அதன் கொக்கியிலிருந்து 200 கிராம் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினால் போதும். ஓய்வில் 200-ல் நின்ற முள், குண்டு உச்சிக்குப் போகும்போது கீழே நழுவி, அடியைக் கடக்கும்போது 200-ஐத் தாண்டிப் பாய்ந்து, மறு உச்சியில் மீண்டும் நழுவும். ஒரு முழு அலைவுக்கு இரண்டு முறை இப்படி எழுந்து தாழும். வில்லின் சொந்த நடுக்கம் கலந்துவிடுவதால் துல்லியமான அளவு கிடைக்காது என்பது மெய். ஆயினும் அடியில் இரண்டும் சமம் என்று எழுதிய மாணவன் அந்த முள்ளை ஒரு நிமிஷம் பார்த்தபின் அப்படி எழுதமாட்டான். ஊஞ்சலில் வேகமாக ஆடி, தாழ்ந்த இடத்தில் பலகை தன் உடலைப் பலமாக அழுத்துவதை அறிந்தவன்தானே அவன்! அந்த அனுபவத்தை வகுப்பறை வாசலிலேயே விட்டுவிட்டு வரும்படி செய்தது நமது பாடமுறை.

இந்த மாணவனிடம் கேட்கத் தகுந்த வினா ஒன்று உண்டு. எடையைப் போல் ஒன்றரை மடங்கு மட்டுமே தாங்கக்கூடிய நூலில் குண்டைக் கட்டி 60 பாகையிலிருந்து விட்டால் நூல் எங்கே அறும்? அடியில் என்பவனும் தவறுகிறான். செங்குத்துக் கோட்டை எட்டுவதற்கு ஏறத்தாழ 34 பாகை இருக்கும்போதே அறுந்துவிடும். வேகத்தைக் கண்டறியச் சக்தியில் ஒரு வரி, இழுவிசையைக் கண்டறிய நியூட்டனின் இரண்டாம் விதியில் ஒரு வரி, இவ்வளவே அதற்கு வேண்டிய கணக்கு. முதல் வரியோடு பேனாவை மூடிவிடும் பாடத்தில் வளர்ந்தவனுக்கு இவ்வினா புரியவும் புரியாது. நூலுக்கு அறுந்துபோக ஒரு காரணம் இருப்பதாக அவனுக்கு எவரும் சொன்னதில்லை.